விசைப்படகில் கேமரா: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

படகை ஓட்டும் அறையான வீல்ஹவுஸில் நிற்கும் டிரைவருக்கு எதிரே கடல் தெரியும். பின்னால் வலை இழுக்கும் விஞ்சில் கம்பி எப்படிச் சுற்றுகிறது, கீழே இன்ஜின் ரூமில் தண்ணீர் ஏறுகிறதா என்பதெல்லாம் யாராவது வந்து சொன்னால்தான் தெரியும். அதற்காகத்தான் படகில் கேமரா. சரியாக வேலை செய்தால் அது இன்னொரு ஆளுக்குச் சமம். சரியாக வேலை செய்யாத கேமரா ஆபத்தானது, ஏனென்றால் திரையை நம்பி டிரைவர் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிடுவார்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஓடும் இரும்பு விசைப்படகு. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகச் சேர்த்த 24 வோல்ட் மின்சாரம். இன்ஜின் ரூம், விஞ்சு, பின்தளம், மீன் அறை வாசல் என்று நான்கு கேமராக்கள். வீல்ஹவுஸில் ஒரு ரெக்கார்டரும் திரையும். மரப்படகுக்கும் ஃபைபர் படகுக்கும் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும்.

கேமரா தானாகக் கெட்டுப்போவது குறைவு. மின்சாரம் முழுதாகப் போய்ச் சேராமல் இருப்பது, உப்புத் தண்ணீர் உள்ளே இறங்குவது, இந்த இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அதனால் புதுக் கேமரா வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் மல்டிமீட்டரை எடுங்கள். ரெக்கார்டர் பக்கம் அளந்தால் போதாது. வயரின் மறுமுனையில், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும்: இன்ஜின் நிற்கும்போது ஒரு தடவை, ஓடும்போது ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை. எல்லாம் நன்றாக இருக்கும் நாளிலேயே இந்த எண்களை வீல்ஹவுஸ் சுவரில் எழுதி வைத்துவிட்டால், கோளாறு வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

இன்ஜின் ஸ்டார்ட் செய்யும்போது எல்லாக் கேமராவும் அணைந்து, பிறகு வருகிறது

ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். அந்தச் சில நொடிகளில் பேட்டரி வோல்டேஜ் சரியும், ரெக்கார்டர் அணைந்து மறுபடி எழும். எழுந்து படம் காட்ட ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். இப்படித் திடீர் திடீரென்று அணைவது பதிவையும் கெடுக்கும், ஹார்ட் டிஸ்கையும் கெடுக்கும்.

முதலில் 12 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 24 வோல்ட் படகில் 12 வோல்ட் வேண்டும் என்றதும், இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் எடுத்துவிடும் பழக்கம் இருக்கிறது. இது தவறு. ஸ்டார்ட் செய்யும்போது அந்த ஒரு பேட்டரி 8 வோல்ட் வரைகூட இறங்கலாம். அதோடு முடிவதும் இல்லை. ஒரு பேட்டரி மட்டும் எப்போதும் கூடுதலாகச் செலவாகும். ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்துத்தான் சார்ஜ் செய்யும் என்பதால் செலவான பேட்டரி நிறையாது, மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிக் கொதிக்கும். சில மாதங்களில் இரண்டுமே போய்விடும். கேமராவில் மிச்சம் பிடித்த காசு பேட்டரியில் போகும்.

24 வோல்ட்டை முழுதாக வாங்கி 12 வோல்ட் தரும் டிசி கன்வெர்ட்டர் போடுங்கள். 9 முதல் 36 வோல்ட் வரை உள்வாங்கும் வகையாக, உள்பக்கமும் வெளிப்பக்கமும் மின்சார ரீதியாகப் பிரிக்கப்பட்டதாக இருக்கட்டும். கன்வெர்ட்டருக்குப் போகும் பாசிட்டிவ் வயரில், பேட்டரிக்கு ஒட்டினாற்போல ஒரு பியூஸ் கட்டாயம் வேண்டும். படகில் தீ பிடித்தால் ஓடி ஒதுங்க இடம் இல்லை.

கன்வெர்ட்டர் போட்ட பிறகும் அணைகிறது என்றால், ஒருவர் ஸ்டார்ட் செய்ய, இன்னொருவர் கன்வெர்ட்டரின் இரண்டு பக்கத்தையும் அளக்க வேண்டும். வெளிப்பக்கம் 12-இல் அசையாமல் நின்றும் கேமரா அணைந்தால், அதற்கு அப்பால் ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது.

இன்வெர்ட்டரில் 230 வோல்ட் ஆக்கி, அதில் அடாப்டர் செருகி, மறுபடி 12 வோல்ட் ஆக்கும் ஏற்பாட்டையும் பார்க்கலாம். இரண்டு முறை மாற்றுவதில் மின்சாரமும் வீண், இரைச்சலும் கூடும். நேரடி டிசியே நல்லது.

பகலில் சரி, இரவில் ஒரு கேமரா மட்டும் விட்டு விட்டு வருகிறது

இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியும். பகலில் 0.3 ஆம்பியர் இழுத்த கேமரா இரவில் 0.8 இழுக்கலாம். வயர் மெலிதாக இருந்தால் அந்தக் கூடுதல் மின்னோட்டம் வயரிலேயே வோல்டேஜைத் தின்றுவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.5 சதுர மி.மீ. வயருக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 39 ஓம் தடை. வீல்ஹவுஸிலிருந்து பின்தளத்துக்கு 20 மீட்டர் என்றால், போக வர 40 மீட்டர், அதாவது 1.56 ஓம். 0.8 ஆம்பியரில் 1.25 வோல்ட் போய்விடும். 12 வோல்ட் அனுப்பினால் போய்ச் சேருவது 10.75. இணைப்பில் கொஞ்சம் பச்சைக் களிம்பும் பிடித்திருந்தால் இன்னும் குறையும். கேமரா எழும், விளக்கு எரிந்ததும் விழும், மறுபடி எழும். அதே தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே.

வயர் வாங்கும்போது ஈயம் பூசிய பல இழைச் செம்பு வயரைக் கேளுங்கள். செம்பு பூசிய அலுமினிய வயர் வீட்டில் ஓடலாம், படகில் வேண்டாம். அதிர்வில் ஒடியும், உப்பில் பொடிந்துபோகும்.

லேன் கேபிளிலேயே மின்சாரமும் போகும் பிஓஇ கேமராவாக இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. அதில் போவது 48 வோல்ட் அளவு என்பதால் மின்னோட்டமும் குறைவு, இழப்பும் குறைவு. பின்தளம் போன்ற தூரமான இடத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். கேமராவும் அதற்கு மின்சாரம் தரும் நெட்வொர்க் சுவிட்சும் ஒரே தரத்தைச் சேர்ந்தவையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 24 வோல்ட்டை அப்படியே கேபிளில் ஏற்றும் மலிவான வகையும் விற்கிறது. அது தரப்படியான கேமராவை எழுப்பாது.

கேமரா போட்டதிலிருந்து வயர்லெஸ் சரியாகக் கேட்கவில்லை

இந்தப் பட்டியலிலேயே உடனே கவனிக்க வேண்டியது இதுதான். மற்றவை பெரும்பாலும் படம் சம்பந்தப்பட்டவை. இது உயிர் சம்பந்தப்பட்டது.

கடலில் அபாய அழைப்பு வரும் வி.எச்.எப். (படகு வயர்லெஸ்) 16-ஆம் சானல் 156.8 மெகாஹெர்ட்ஸ். கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தைத் தாமாகவே அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி வேலை செய்வது 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸில். மலிவான கன்வெர்ட்டரும் கவசமில்லாத கேமரா கேபிளும் கிளப்பும் மின்காந்த இரைச்சல் இதே பகுதியில் விழக்கூடும். இரைச்சல் காதில் விழுந்தால்கூடப் பரவாயில்லை, கவனிப்போம். பெரும்பாலும் நடப்பது வேறு. இரைகிறதே என்று, மெல்லிய ஒலியை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழைத் திருகி அமைதியாக்கிவிடுவார்கள். பக்கத்துப் படகு நன்றாகக் கேட்கும். தூரத்தில் தவிக்கும் படகின் மெல்லிய குரல் மட்டும் கேட்காது. கேட்கவில்லை என்பதும் தெரியாது. ஏ.ஐ.எஸ். திரையிலும் அப்படித்தான், தூரத்துக் கப்பல்கள் சத்தமில்லாமல் குறைந்துபோகும்.

2018-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை, எல்.இ.டி. விளக்குகளால் இப்படி வி.எச்.எப். வானொலியும் ஏ.ஐ.எஸ்.ஸும் பாதிக்கப்படுவதாக எச்சரிக்கை வெளியிட்டது. அதில் சொன்ன சோதனை கேமராவுக்கும் அப்படியே பொருந்தும். கேமரா, ரெக்கார்டர், திரை எல்லாவற்றையும் அணையுங்கள். வயர்லெஸ்ஸைப் பேச்சு இல்லாத ஒரு சானலில் வையுங்கள். ஸ்குவெல்ச்சை இரைச்சல் கேட்கும் வரை திறந்து, பிறகு இரைச்சல் சரியாக நிற்கும் புள்ளிவரை மட்டும் மூடுங்கள். இப்போது கேமராவைப் போடுங்கள். இரைச்சல் திரும்ப வந்தால் குற்றவாளி கேமரா ஏற்பாட்டில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பியூஸாக எடுத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

கன்வெர்ட்டர்தான் காரணம் என்றால் உலோகப் பெட்டிக்குள் இருக்கும் நல்ல வகைக்கு மாற்றுங்கள். இதில் மட்டும் விலை பார்க்க வேண்டாம். கேபிள்தான் காரணம் என்றால் கவசமுள்ள லேன் கேபிள் போட்டு, கவசத்தை ரெக்கார்டர் பக்கம் மட்டும் தரையிணைப்பு கொடுங்கள். வி.எச்.எப். ஆன்டெனா வயரோடு கேமரா கேபிளைச் சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்து இழுங்கள். கேபிளின் இரண்டு முனையிலும் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டினால் பயன் தரும், ஆனால் 150 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்கு ஏற்ற வகையாக இருக்க வேண்டும். எதுவும் பலிக்கவில்லை என்றால் அந்தக் கேமராவைக் கழற்றிவிடுங்கள். வயர்லெஸ்ஸை இழந்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு எந்தக் கேமராவும் அவசியமானது இல்லை.

திசைகாட்டியையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கேமரா, ஸ்பீக்கர் உள்ள திரை, இவற்றை காந்தத் திசைகாட்டியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். கேமராவை அணைத்து அணைத்துப் போடும்போது திசைகாட்டியின் தட்டு அசைந்தால் பாசிட்டிவ், நெகட்டிவ் வயர்களை ஒன்றோடொன்று முறுக்கி இழுங்கள். இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

இன்ஜின் ஓடும்போது படத்தில் கோடுகள் ஏறி இறங்குகின்றன

அனலாக் கேமராவில் வரும் கோளாறு. கோடுகளின் வேகம் இன்ஜின் வேகத்தோடு மாறினால் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் படத்துக்குள் வருகிறது என்று பொருள். இரும்புப் படகில் கேமராவின் உலோக உடல் படகைத் தொடுகிறது, ரெக்கார்டரும் இன்னோர் இடத்தில் படகைத் தொடுகிறது. இரண்டுக்கும் நடுவில், படம் வரும் கோஆக்ஸ் கேபிளின் உலோகக் கவசம் வழியாக மின்சாரம் சுற்றுகிறது.

கேமராவை நைலான் வாஷர் வைத்துப் படகின் இரும்பிலிருந்து பிரித்துவிடுங்கள். நெகட்டிவ் எல்லாம் ஒரே இடத்தில் சேரட்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு: அலுமினிய உடலும் இரும்பும் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரிக்கும், வாஷர் அதையும் தடுக்கும்.

கோடு இல்லாமல் படமே கறுப்பு வெள்ளையாகவோ உருண்டோ வந்தால் காரணம் வேறு. கேமரா ஒரு வடிவத்தில் அனுப்புகிறது, ரெக்கார்டர் வேறு வடிவத்தை எதிர்பார்க்கிறது. ஏ.எச்.டி., டி.வி.ஐ., சி.வி.ஐ., பழைய சாதாரண வீடியோ என்று நான்கு வகை உண்டு. கேமரா வயரிலேயே இருக்கும் சின்னப் பொத்தானால் மாற்றிவிடலாம்.

படம் மங்கலாக, வெள்ளையாக, பனி மூடியதுபோல் தெரிகிறது

விரலால் தொட்டுப் பாருங்கள். வெளியே படிந்திருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வெளியே என்றால் உப்பு. உலர்ந்த உப்பைத் துணியால் தேய்த்தால் கண்ணாடி கீறி, கேமரா நிரந்தரமாகக் குருடாகும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைத்து, பிறகு மெல்லிய துணியால் ஒற்றுங்கள். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். பிளாஸ்டிக் குமிழ் வெடித்துப் பாலாகிவிடும். இன்ஜின் ரூமில் படிவது எண்ணெய்ப் புகை; அதற்குக் கொஞ்சம் சோப்புத் தண்ணீர். அந்தக் கேமராவை எக்ஸாஸ்டுக்கு எதிரே கூரையோடு ஒட்டிப் பொருத்தியிருந்தால் இடத்தையே மாற்றுங்கள். பல கேமராக்களுக்கு 60 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. காற்று உள்ளே வரும் பக்கத்தில், இன்ஜினின் அடித்தண்ணீரும் பெல்ட்டும் ஒரே படத்தில் விழும் கோணம் கிடைத்தால் அதுவே சரியான இடம்.

உள்ளே மூட்டம் என்றால் தண்ணீர் எங்கோ நுழைந்துவிட்டது. தண்ணீர், தூசி புகாது என்பதைக் குறிக்கும் ஐ.பி. 67 என்று எழுதியிருக்கிறதே என்று கேட்பார்கள். அது கேமராவின் உடலுக்கு. பின்னால் வால்போல் தொங்கும் இணைப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்த இணைப்பை வெளியில் தொங்கவிட்டு இன்சுலேஷன் டேப் சுற்றினால், வெயிலில் பசை உருகி டேப் விலகும், தண்ணீர் செம்பு இழை வழியாக உறிஞ்சப்பட்டு கேமராவின் வயிற்றுக்குள்ளேயே போய்ச் சேரும். வெயிலில் சூடான கேமரா மேல் அலை அடித்தால் உள்ளே காற்று சுருங்கி, ஈரத்தை இன்னும் இழுக்கும்.

இணைப்பை மூடிய பெட்டிக்குள் வையுங்கள். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன்னால் கீழே வளைந்து பிறகு மேலே ஏறட்டும். வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். வினிகர் வாசம் வரும் சிலிக்கானைப் பூசாதீர்கள், அதன் அமிலம் செம்பை அரிக்கும். ஏற்கெனவே பச்சை பிடித்த வயரைச் சுரண்டி மறுபடி இணைத்தால் நிற்காது. பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும்.

இரவில் மட்டும் வெள்ளையாக இருந்தால் ஈரமே காரணமில்லை. கேமராவின் அகச்சிவப்பு ஒளி பக்கத்து வெள்ளைச் சுவரிலோ கண்ணாடியிலோ பட்டுத் திரும்புகிறது. வீல்ஹவுஸுக்குள் இருந்தபடி கண்ணாடி வழியாகப் பார்க்கும் கேமராவுக்கு இது கட்டாயம் வரும். கேமராவின் அகச்சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு, தள வெளிச்சத்தில் பார்க்க விடுங்கள்.

நடப்பது திரையில் கொஞ்ச நேரம் கழித்துத் தெரிகிறது

லேன் கேபிளில் படம் அனுப்பும் நெட்வொர்க் கேமராவில் அரை நொடியோ அதற்கு மேலோ தாமதம் இயல்பு. போன் ஆப் வழியாகப் பார்த்தால் பல நொடிகள். மீன் அறைக்கு இது பிரச்சினையே இல்லை. விஞ்சுக்கு இது பெரிய பிரச்சினை. கம்பியில் கை சிக்கினால் அரை நொடி என்பது மிக நீளம்.

விஞ்சுக்கும் படகை ஜெட்டியில் அணைக்கும் பக்கத்துக்கும் அனலாக் கேமராவே போடுங்கள். படம் உடனுக்குடன் வரும். நெட்வொர்க் கேமராதான் இருக்கிறது என்றால், படத்தைச் சுருக்கும் முறையை எச்.264-க்கு மாற்றி, ஸ்மார்ட் கோடெக் என்ற கூடுதல் சுருக்க வசதியை அணைத்தால் தாமதம் குறையலாம். எது போட்டாலும் விஞ்சை நிறுத்தும் முடிவு விஞ்சுப் பக்கத்தில் நிற்பவரிடமே இருக்கட்டும்.

சார்ட் பிளாட்டரில் படம் வரவில்லை

கடல் வரைபடம் காட்டும் பிளாட்டருக்கும் கேமராவுக்கும் ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்) ஒரே வரிசையில் இருக்க வேண்டும். வேறு நிறுவனக் கருவிகளோடு பேச உதவும் ஆன்விஃப் வசதியைக் கேமராவில் தனியாகத் திறந்து, அதற்கென்று தனிப் பயனர் பெயர் கொடுக்க வேண்டியிருக்கும். எச்.265 பதிவைப் பல பிளாட்டர்கள் காட்டாது, எச்.264-க்கு மாற்றிப் பாருங்கள். ரேடார் ஓடும் அதே வலையில் நான்கு கேமராவின் முழுப் படத்தையும் ஏற்றாதீர்கள், சிறிய படத்தை மட்டும் அனுப்புங்கள்.

படகு ஜெட்டியில் நின்ற மூன்றாம் நாள் இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை

ரெக்கார்டரும் நான்கு கேமராவும் சேர்ந்து 40 வாட் இழுத்தால், 24 வோல்ட்டில் 1.7 ஆம்பியர், ஒரு நாளுக்கு 40 ஆம்பியர்-மணி. 120 ஆம்பியர்-மணிப் பேட்டரி மூன்று நாளில் காலி. திருட்டுக்குப் பயந்து கேமராவை ஓடவிட்டால், அதற்கென்று தனிப் பேட்டரியும் சோலார் பலகையும் வையுங்கள். குறைந்தபட்சம், பேட்டரி 24 வோல்ட்டுக்கு இறங்கியதும் கேமராவைத் துண்டிக்கும் கட்-ஆஃப் கருவி போடுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம் வருகிறது. அப்போது எல்லாவற்றையும் முழுதாக அணைத்துவிட்டு, வயரிங் வேலையை வைத்துக்கொள்ளலாம்.

கேமரா மேல் துணி தொங்குகிறது, அல்லது திரும்பியிருக்கிறது

இதற்கு மல்டிமீட்டர் உதவாது. தொழிலாளர்கள் படுக்கும் இடமோ குளிக்கும் இடமோ படத்தில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் துணி போட்டவர் செய்தது சரி. கோணத்தை மாற்றி, படம் எதையெல்லாம் காட்டுகிறது என்று எல்லோரையும் வீல்ஹவுஸுக்கு அழைத்துக் காட்டுங்கள்.

வேண்டிய நாளின் பதிவு இல்லை

ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் (4 எம்பிபிஎஸ்) வேகத்தில் பதிந்தால் நாளைக்கு 43 ஜி.பி. நான்குக்கு 170 ஜி.பி.க்கும் மேல். ஒரு டி.பி. டிஸ்க் ஆறு நாளைக்கும் வராது. அப்புறம் பழையதன் மேல் புதியது ஏறும். பத்து நாள் தங்கலுக்குப் போகும் படகில் முதல் நாள் நடந்தது கரை சேரும்போது இருக்காது. எச்.265-க்கு மாற்றினால் ஏறக்குறைய பாதி இடம் போதும் (பிளாட்டருக்குப் போகும் சிறிய படத்தை மட்டும் எச்.264-இல் விடுங்கள்). நொடிக்கு 15 படமாகவும் குறைக்கலாம். அசைவு இருந்தால் மட்டும் பதியும் வசதியை நம்ப வேண்டாம். கடலும் வலையும் அசைந்துகொண்டே இருப்பதால் அது ஓயாமல் பதியும். ஹார்ட் டிஸ்கைவிட எஸ்.எஸ்.டி. அதிர்வைத் தாங்கும்.

பதிவு இருந்தும் தேதி 2000 அல்லது 1970 என்று காட்டினால் ரெக்கார்டருக்குள் இருக்கும் நாணய அளவுப் பேட்டரி தீர்ந்துவிட்டது. கடலில் இணையம் இல்லாததால் கடிகாரம் தானாகத் திருந்தாது. ஐந்தரை மணி நேரம் பிசகினால் நேர மண்டலம் தவறாக இருக்கிறது. இன்னொரு படகோடு மோதல், வலை சேதம் என்று பஞ்சாயத்து வரும்போது நேரம் தவறான பதிவு எடுபடாது. பேட்டரியை மாற்றி, கிளம்பும்போது ஜி.பி.எஸ். நேரத்தைப் பார்த்துச் சரிசெய்து, நேற்றைய பதிவு ஒன்றைத் திறந்து ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழுங்கள்.